லிஸ்பனிலிருந்து ஹெல்சிங்கி எவ்வளவு தொலைவு?

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும். பள்ளியில் இதை மனப்பாடம் செய்யாதவர் நம்மில் யாரும் இல்லை. ரயிலுக்கும் மிதிவண்டிக்கும் போட்டுப் பழகிய இந்தக் கணக்கை ஐரோப்பாவின் இரண்டு எதிர் மூலைகளில் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பன் அட்லாண்டிக் பெருங்கடலைப் பார்த்தபடி கண்டத்தின் தென்மேற்கு விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. ஃபின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கி வடகிழக்கில், பால்டிக் கடலோரத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நேரடி விமானங்கள் பறக்கின்றன. தூரம் சுமார் 3,365 கிலோமீட்டர். இந்த வழியில் ஓடும் ஏர்பஸ் ஏ320 குடும்பத்து விமானம் உயரத்தை எட்டியபின் மணிக்கு ஏறத்தாழ 830 கிலோமீட்டர் போகும். வகுத்தால் நான்கு மணி நேரமும் ஒரு சில நிமிடங்களும் வருகின்றன. ஆனால் விமான நிறுவனங்களின் கால அட்டவணையோ ஹெல்சிங்கிக்குப் போக நாலரை மணி நேரத்தை ஒட்டியும், லிஸ்பனுக்குத் திரும்பி வர ஐந்து மணி நேரத்தை நெருங்கியும் காட்டுகிறது.

அதே விமானம், அதே இரண்டு ஊர்கள். போவதற்கு ஒரு நேரம், வருவதற்கு வேறொரு நேரம், இரண்டுமே கணக்கைவிட அதிகம். கூடுதலாக வந்த அந்த நிமிடங்கள் எங்கிருந்து வந்தன என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்ப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. தேடிப் போகிற வழியில் 16-ஆம் நூற்றாண்டின் ஒரு கணித மேதையும், எஸ்பெராண்டோ மொழியில் எழுதிய ஒரு ஜப்பானியரும், ஒரு நீதிமன்றமும் எதிர்ப்படுவார்கள்.

முதலில் ஒரு சிறு மயக்கத்தைத் தீர்த்துவிடுவோம். பயணச்சீட்டில் அச்சாகும் நேரங்கள் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரங்கள். ஃபின்லாந்தின் கடிகாரம் போர்ச்சுகலைவிட இரண்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. காலை 10 மணிக்கு லிஸ்பனில் கிளம்பியவர் மாலை 4.30-க்கு ஹெல்சிங்கியில் இறங்கினால், சீட்டைப் பார்க்கிறவருக்கு ஆறரை மணி நேரப் பயணம்போலத் தெரியும். திரும்பும்போது மாலை 5 மணிக்கு ஏறி 7.50-க்கு இறங்கிவிடலாம். இது கடிகாரத்தின் விளையாட்டு மட்டுமே. போர்ச்சுகல் 1992 முதல் 1996 வரை மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு மாறியிருந்தது. அந்த ஆண்டுகளில் இதே பயணத்தின் இரண்டு மணி நேர வித்தியாசம் ஒரு மணி நேரமாகச் சுருங்கியிருந்தது; குளிர்காலக் காலைகளில் விடியுமுன்பே எழுந்து ஓட வேண்டியிருந்ததால் மக்களுக்கு அது பிடிக்கவில்லை, பழைய நேரத்துக்கே திரும்பிவிட்டார்கள். நமக்கு வேண்டியது கடிகாரம் காட்டும் வித்தியாசம் அல்ல, உண்மையில் கழிந்த நேரம். அதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

இனி தூரத்துக்கு வருவோம். 3,365 என்ற எண் எப்படி வந்தது?

என் மேசைமேல் ஒரு பூகோள உருண்டை இருக்கிறது. நூலின் ஒரு நுனியை லிஸ்பன்மேல் விரலால் அழுத்திக்கொண்டு மறு நுனியை ஹெல்சிங்கிமேல் பிடித்து இழுத்தால், தொய்வெல்லாம் போனபின் நூல் ஒரு பாதையில் படிந்து நிற்கும். அதற்குமேல் இழுக்க முடியாது. உருண்டையின் மேற்பரப்பில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே அதைவிடக் குறுகிய வழி கிடையாது. அந்த நூலை இரண்டு பக்கமும் நீட்டி உலகைச் சுற்றிக் கட்டினால் அது உருண்டையைச் சரிபாதியாகப் பிளக்கும். ஆகவே அதற்குப் பெருவட்டம் என்று பெயர்.

நூல் செய்ததையே கணிதத்தாலும் செய்யலாம். லிஸ்பன் விமான நிலையம் வடக்கு 38.77 பாகை, மேற்கு 9.13 பாகையில் இருக்கிறது. ஹெல்சிங்கியின் வன்டா விமான நிலையம் வடக்கு 60.32 பாகை, கிழக்கு 24.96 பாகையில். பூமியின் மையத்தில் நின்று ஒரு கையை லிஸ்பனை நோக்கியும் மறு கையை ஹெல்சிங்கியை நோக்கியும் நீட்டினால், கைகளுக்கு இடையே 30.26 பாகை கோணம் இருக்கும். ஒரு பாகைக்கு நிலத்தில் 111.2 கிலோமீட்டர். பெருக்கினால் 3,365. விமானிகளும் மாலுமிகளும் கிலோமீட்டரில் பேசுவதில்லை, கடல் மைலில்தான் பேசுவார்கள். அதற்குக் காரணமும் இங்கேயே இருக்கிறது. ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்குதான் கடல் மைலின் பிறப்பு. 30.26-ஐ 60-ஆல் பெருக்கினால் போதும், சுமார் 1,815 கடல் மைல் என்று விடை வந்துவிடும்.

பூமி சீரான உருண்டை இல்லை என்பதை நினைவில் வைத்திருக்கும் வாசகர் இங்கே கேள்வி எழுப்பலாம். நிலநடுக்கோட்டில் பூமியின் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. இந்தச் சப்பையைச் சேர்த்துக் கணக்கிட்டால் நம் விடை சில கிலோமீட்டர் நகரும், அவ்வளவுதான். 11 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும்போது வட்டம் பெரிதாகுமே என்றால், ஆகும். ஆனால் முழு வழிக்கும் சேர்த்துக் கூடுவது 6 கிலோமீட்டர் மட்டுமே. பல கிலோமீட்டர் பரந்து கிடக்கும் விமான நிலையத்தில் எந்த இடத்திலிருந்து அளப்பது என்றால், ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அதிகாரபூர்வமான ஒரு குறிப்புப் புள்ளி உண்டு, அதிலிருந்து. நாம் தேடும் நிமிடங்கள் இவற்றில் எதிலும் ஒளிந்திருக்கவில்லை.

நூல் படிந்த வழியை விரலால் தடவிக்கொண்டே போனால் ஆச்சரியங்கள் காத்திருக்கின்றன. லிஸ்பனிலிருந்து வடக்கே சாய்ந்து ஸ்பெயினின் வடமேற்கைக் கடக்கிறோம். பிஸ்கே விரிகுடாவின்மேல் நீலம் மட்டும். பிரான்சின் மேற்குக் கரையில் நிலம் தொட்டு, பாரிஸை வலப்பக்கம் விட்டுவிட்டு, பெல்ஜியத்துக்குள் நுழைகிறோம். பாதி வழி சரியாக எங்கே வருகிறது தெரியுமா? பிரஸ்ஸல்ஸ் நகருக்குச் சற்றுத் தென்மேற்கே. ஐரோப்பிய வான்வழிப் போக்குவரத்தை ஒருங்கிணைக்கும் யூரோகண்ட்ரோல் அமைப்பின் தலைமையகம் அந்த நகரில்தான் இருக்கிறது. பிறகு நெதர்லாந்து, ஜெர்மனியின் வடக்கு மூலை, அங்கிருந்து கோபன்ஹேகன் நகரத்தின் தலைக்கு நேர் மேலே. தெற்கு ஸ்வீடனைத் தாண்டினால் பால்டிக் கடல், அப்புறம் ஹெல்சிங்கி.

சுவரில் மாட்டிய உலகப் படத்தில் இரு ஊர்களுக்கும் அடிகோல் வைத்துக் கோடு போட்டால் இந்த வழி கிடைக்காது. மெர்கேட்டர் வகைப் படமாக இருந்தால், கோடு ஏறக்குறைய மிகச் சரியாக வடகிழக்கே, 45 பாகைச் சாய்வில் போகும். திசைகாட்டியின் முள்ளை வடகிழக்கில் வைத்துவிட்டு மாற்றாமலே போனால் ஹெல்சிங்கி வந்துவிடும் என்பது அந்தக் கோட்டின் பொருள். அது உண்மைதான். ஆனால் அது குறுகிய வழி அல்ல.

இந்த வேறுபாட்டை முதன்முதலில் தெளிவாகக் கண்டு எழுதியவர் ஒரு போர்த்துகீசியர்: கணித மேதை பெட்ரோ நூனிஷ். ஆண்டு 1537. மார்ட்டிம் அஃபோன்சோ டி சூசா என்ற தளபதி பிரேசில்வரை கப்பலோட்டித் திரும்பி, கடலில் தாம் கண்ட புதிர்களை நூனிஷிடம் கொண்டுபோய்க் கொட்டினார். ஒரே திசையில் முள்ளைப் பிடித்துக்கொண்டு போகும் கப்பல் உருண்டையில் எந்தக் கோட்டை வரைகிறது? மாலுமிகள் அதைப் பெருவட்டம் என்றே நம்பியிருந்தார்கள். இல்லை, அது துருவத்தை நோக்கிச் சுருண்டு சுருண்டு நெருங்கும் வேறொரு வளைவு என்றார் நூனிஷ். 32 ஆண்டுகள் கழித்து, 1569-இல், மெர்கேட்டர் தம் படத்தை வரைந்தபோது அந்தச் சுருள் வளைவு நேர்கோடாகத் தெரியும்படி உலகத்தையே இழுத்து நீட்டினார். கேள்வி கேட்ட அதே டி சூசாதான் 1541-இல் பிரான்சிஸ் சேவியரைத் தம் கப்பலில் லிஸ்பனிலிருந்து இந்தியாவுக்கு அழைத்து வந்தவர். சேவியர் அதன்பின் முத்துக்குளித்துறையில் பரதவர் நடுவே பணியாற்றியது நம் வரலாறு. கடல்வழிக் கணக்கும் நம் கடற்கரையும் இப்படி ஒரு கப்பலில் சந்தித்துக்கொண்டதை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

பெருவட்டத்தில் போகிறவர் முள்ளை இடைவிடாமல் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். லிஸ்பனை விட்டுக் கிளம்பும்போது வடக்கிலிருந்து கிழக்கே 33 பாகை சாய்ந்த திசை. ஹெல்சிங்கியை அடையும்போது அது 60 பாகையாகிவிடும். விமானம் திரும்பியதாகப் பயணி உணரமாட்டார், ஏனென்றால் விமானம் திரும்பவே இல்லை. நூலைப்போல நேரே போகிறது. தீர்க்கரேகைகள்தாம் வடக்கே போகப் போக ஒன்றையொன்று நெருங்கி, வடக்கு என்ற திசையையே சாய்த்துவிடுகின்றன.

இனி நீளங்களை ஒப்பிடுவோம். பெருவட்டம் 3,365 கிலோமீட்டர் என்றோம். முள் மாறாத வழி 3,394 கிலோமீட்டர். இரண்டும் நடுவழியில் வெகுவாகப் பிரிந்து நிற்கின்றன. ஒன்று பிரஸ்ஸல்ஸ் பக்கம் போகும்போது மற்றது லக்சம்பர்க் நகரின் பக்கம் போகிறது. இடைவெளி ஏறத்தாழ 195 கிலோமீட்டர். இவ்வளவு விலகிப் போயும் கூடுதல் தூரம் 30 கிலோமீட்டர்கூட இல்லை!

நம்ப முடியாவிட்டால் வீட்டில் துணி காயப்போடும் கொடியைப் பாருங்கள். மூன்றரை மீட்டர் இடைவெளியில் கட்டிய கொடி நடுவில் ஒரு சாண் தொய்ந்து தொங்குகிறது. அந்தத் தொய்வுக்கு எவ்வளவு கயிறு கூடுதலாகச் செலவாகியிருக்கும்? இரண்டு விரற்கடைக்குமேல் இருக்காது. தொய்வைப் பாதியாக்கினால் கூடுதல் கயிறு பாதியாகாது, கால் பங்காகிவிடும். மிகக் குறுகிய வழிக்கு அக்கம்பக்கத்தில் உள்ள வழிகள் எல்லாமே கிட்டத்தட்ட அதே நீளம். விலகுவது நடுவழியில் பரவி நிகழ்ந்தால் அதற்குக் கொடுக்கும் விலை அற்பம். விமானப் பயண நேரத்தைப் புரிந்துகொள்ள இதைவிட முக்கியமான ஒரு கணித உண்மை இல்லை என்று நினைக்கிறேன். வானத்தில் இருக்கும் சுதந்திரம் அனைத்தும் இந்தத் தொய்விலிருந்தே பிறக்கிறது.

அந்தச் சுதந்திரம் விமானிகளுக்கு எளிதில் கிடைக்கவில்லை. வெகுகாலம் விமானங்கள் தரையிலிருந்த வானொலிக் கம்பங்களைத் தொட்டுத் தொட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு, முறுக்கிய வழிகளில் பறந்தன. எங்கே நுழைந்து எங்கே வெளியேற வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு, நடுவில் நேரே போக விடும் முறையை ஐரோப்பாவில் முதலில் கொண்டுவந்த நாடு போர்ச்சுகல். அது நடந்தது 2009-இல். இப்போது இந்த முறை கண்டத்தின் பெரும்பகுதிக்குப் பரவிவிட்டது. ஆயினும் நடுவழிதான் நெரிசல். பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க், வடமேற்கு ஜெர்மனி ஆகியவற்றின் மேல்வானம் முழுவதையும், சுமார் ஏழரை கிலோமீட்டர் உயரத்துக்கு மேலே, மாஸ்ட்ரிக்ட் நகரில் உள்ள ஒரே மையம் கட்டுப்படுத்துகிறது. ராணுவப் பயிற்சிக்கு ஒதுக்கிய வானம், இடிமேகம், குறுக்கே போகும் மற்ற விமானங்கள் என எல்லாவற்றையும் தவிர்த்து, ஐரோப்பாவில் விமானங்கள் உண்மையில் பறக்கும் வழி பெருவட்டத்தைவிடச் சராசரியாக 3 சதவீத அளவுக்கு நீள்கிறது. நம் வழிக்கு அது 100 கிலோமீட்டர், அதாவது ஏழு நிமிடம். தேடலில் முதல் ஏழு நிமிடம் கிடைத்துவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு, அது பணம். கடக்கும் ஒவ்வொரு நாடும் வான்வழிக் கட்டணம் வாங்குகிறது. அந்த நாட்டுக்குள் நுழைந்த புள்ளிக்கும் வெளியேறிய புள்ளிக்கும் இடையே பெருவட்டத் தூரத்தை அளந்து, விமானத்தின் எடையைப் பொறுத்த ஒரு காரணியால் பெருக்கி, அந்நாட்டின் கட்டண வீதத்தால் பெருக்குவார்கள். வீதம் நாட்டுக்கு நாடு வேறு. கட்டணம் குறைந்த நாட்டின் வழியாகச் சற்றே சுற்றிப் போனால் லாபம் என்று கணினி சொன்னால், விமான நிறுவனம் சுற்றத்தான் செய்யும். கொடி தொய்வது நினைவிருக்கிறதல்லவா, சுற்றுவதற்குச் செலவு குறைவு.

*

ஆனால் போகும் நேரமும் வரும் நேரமும் வேறுபடுவதை இவை எதுவும் விளக்கவில்லை. அதற்குக் காரணம் காற்று.

11 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 56 டிகிரியைத் தாண்டியிருக்கும். அந்தக் குளிரில் ஒலியே நொடிக்கு 295 மீட்டர்தான் ஓடும். ஏ320 வகை விமானம் பொதுவாக ஒலியின் வேகத்தில் 0.78 பங்கு வேகத்தில் பறக்கும். அதைக் கிலோமீட்டருக்கு மாற்றினால் மணிக்கு 828. ஆனால் இது காற்றைப் பொறுத்த வேகம். ஆற்றில் போகும் படகைப்போல விமானம் காற்றுக்குள் மிதந்து போகிறது. ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதே கேள்வி.

அந்த உயரத்தில் இந்த ஆறு பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. தெற்கின் வெப்பத்துக்கும் வடக்கின் குளிருக்கும் இடையே உள்ள வேறுபாடு காற்றைத் துருவத்தை நோக்கித் தள்ள, பூமியின் சுழற்சி அதைக் கிழக்கே திருப்பிவிடுகிறது. குளிர்காலத்தில் வேறுபாடு கூடும்போது ஆறும் வேகம் பிடிக்கும். இந்த ஜெட் காற்றோட்டத்தை 1920-களில் முறையாக அளந்தவர் ஜப்பானின் வானிலை ஆய்வாளர் வசபுரோ ஓயிஷி. தட்டேனோ என்ற இடத்திலிருந்து பலூன்களை விட்டு, அவை எங்கே போகின்றன என்று பருவந்தோறும் பொறுமையாகப் பின்தொடர்ந்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று தம் அறிக்கையை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். உலகப் பொதுமொழியாகும் என்று அவர் மனதார நம்பிய மொழி அது. உலகம் படிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் மேல்வானத்தில் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானிகள் அந்தக் காற்றில் மாட்டிக்கொண்டு திகைத்தபோதுதான் அதன் வலிமை பலருக்கும் உறைத்தது. ஓர் உண்மை உரிய மொழியில் வந்து சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் துயரமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

நம் வழி சாய்வாக வடகிழக்கே போவதால் மேற்குக் காற்றின் முழு வலிமையும் முதுகில் விழாது. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் சுமார் 100 கிலோமீட்டர் உதவும். கணக்கைப் போடுவோம். ஹெல்சிங்கிக்குப் போகும்போது தரையைப் பொறுத்த வேகம் 928. நேரம் 3 மணி 38 நிமிடம். வரும்போது 728; நேரம் 4 மணி 37 நிமிடம். ஒரு மணி நேர வித்தியாசம்! சாதாரண நாளில் காற்று இதைவிட மெலிந்திருக்கும். ஆண்டு முழுவதுக்கும் பொருந்தும்படி நிறுவனங்கள் அட்டவணையில் போடும் வித்தியாசம் இருபது, முப்பது நிமிடத்தை ஒட்டி நிற்பது அதனால்தான்.

போகும்போது கிடைத்ததும் வரும்போது இழந்ததும் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. மேலே உள்ள இரண்டு நேரங்களையும் கூட்டுங்கள்: 8 மணி 15 நிமிடம். காற்றே இல்லாத நாளில் போய்வர 8 மணி 8 நிமிடம் போதும். ஏழு நிமிடத்தைக் காற்று விழுங்கிவிட்டது. எதிர்க்காற்றில் நாம் அதிக நேரம் சிக்கியிருக்கிறோம், பின்காற்றில் குறைந்த நேரமே இருக்கிறோம். அதனால் காற்று எப்போதும் கொடுத்ததைவிட அதிகமாக எடுத்துக்கொள்ளும். 1887-இல் மைக்கேல்சனும் மோர்லியும் பிரபஞ்சத்தில் ஈதர் என்ற ஊடகம் இருக்கிறதா என்று ஒளியைக்கொண்டு சோதித்த புகழ்பெற்ற ஆய்வின் அடியில் இருந்ததும் இதே போய்வரும் கணக்குதான்.

எதிர்க்காற்றில் மாட்டிய விமானிக்கு ஒரு வழி இருக்கிறது. கொடியைத் தொய்யவிட வேண்டும். பெருவட்டத்தை விட்டு 200 கிலோமீட்டர் விலகி, காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் குறைவாக வீசும் பகுதி வழியாகப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். தூரத்தில் 30 கிலோமீட்டர் கூடும். நேரத்திலோ எட்டு நிமிடத்துக்குமேல் மிச்சமாகும். ஆக மிகக் குறுகிய வழி வேறு, மிக விரைவான வழி வேறு. காற்று இடத்துக்கு இடம் மாறும்போது விரைவான வழியை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வியை 1931-இல் எடுத்துக்கொண்டு தீர்த்தவர் எர்ன்ஸ்ட் செர்மலோ. கணக் கோட்பாட்டின் அடித்தளத்தை அமைத்தவர்களில் ஒருவர் என்று கணித மாணவர்களுக்கு அறிமுகமான அதே செர்மலோதான். இன்று ஒவ்வொரு விமானம் கிளம்பும் முன்பும் கணினிகள் அவருடைய கேள்விக்கு அன்றைய காற்றைவைத்து விடை காண்கின்றன. காலையில் ஒரு வழி, மாலையில் வேறு வழி என்று மாறுவது அதனால்தான்.

*

ஏழு நிமிடம் வளைவுகளில் போயிற்று. மீதி எங்கே? இரண்டு முனைகளில்.

விமானம் ஓடுபாதையை விட்டு எழுந்ததும் 830 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிடுவதில்லை. 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்கு 463 கிலோமீட்டர்தான் உச்ச வரம்பு. ஏறுவதற்கு இருபது நிமிடத்துக்கு மேலாகும். இறங்குவதற்கு அதைவிடச் சற்று அதிகம். ஓடுபாதை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் எழ முடியும், காற்றை எதிர்த்துத்தான் எழ வேண்டும். லிஸ்பனின் ஓடுபாதை வடக்கு தெற்காகக் கிடக்கிறது. தெற்கிலிருந்து காற்று வீசும் நாளில் ஹெல்சிங்கிக்குப் போகும் விமானம் முதலில் ஹெல்சிங்கிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நகரத்தின் மேலாக எழுந்து, பிறகே திரும்ப வேண்டும்.

முனைகள் எவ்வளவு நேரத்தைத் தின்னும் என்பதைக் குறுகிய பயணங்களில் நன்றாகப் பார்க்கலாம். லண்டன் ஹீத்ரோவுக்கும் பாரிஸ் சார்ல் டி கோல் விமான நிலையத்துக்கும் இடையே ஏறத்தாழ 350 கிலோமீட்டர். நம் பள்ளிக் கணக்கின்படி 25 நிமிடம். அட்டவணையில் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாது. மூன்றில் இரண்டு பங்கு முனைகளுக்கே போய்விடுகிறது. இதன் உச்சமாக, முனைகளைத் தவிர வேறெதுவுமே இல்லாத ஒரு பயணமும் ஐரோப்பாவில் உண்டு. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற இரண்டு தீவுகளுக்கு இடையே 1967 முதல் ஒரு சிறு விமானம் ஓடுகிறது. தூரம் 2.7 கிலோமீட்டர். அட்டவணை இரண்டு நிமிடம். சாதனை நேரம் 53 நொடி! உலகின் மிகக் குறுகிய விமானச் சேவை அதுதான். எழுந்ததும் இறங்கிவிடும் அந்த விமானத்தில் ஆசிரியர்களும் நோயாளிகளும் தபாலும் போகிறார்கள். படகு ஓட முடியாத குளிர்காலக் கடலுக்கு நடுவே அந்த இரண்டு நிமிடம் எவ்வளவு பெரியது என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் விமானத்துக்குத் திரும்புவோம். அட்டவணை நேரம் எங்கே தொடங்குகிறது? சக்கரம் நிலத்தை விட்டு எழும்போது அல்ல. நிறுத்துமிடத்தில் சக்கரங்கள் உருளாமல் இருக்கக் கட்டை வைத்திருப்பார்கள். அந்தக் கட்டையை எடுத்து விமானம் நகரும் கணத்திலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மீண்டும் கட்டை வைக்கும் கணம்வரை ஓடும் நேரத்தையே பிளாக் டைம் என்பார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, அங்கே வரிசையில் நிற்பது, இறங்கியபின் வாயிலுக்கு ஊர்ந்து வருவது எல்லாம் இதற்குள் அடக்கம். ஹெல்சிங்கியிலிருந்து குளிர்காலத்தில் கிளம்பும் விமானம் இறக்கைகளில் உறைந்த பனியைச் சூடான திரவத்தால் கழுவிக்கொண்டுதான் எழ முடியும். மெல்லிய பனிப்படலம்கூட இறக்கையின் தூக்குவிசையைக் கெடுத்துவிடும். லிஸ்பனுக்கு வரும் பயணம் ஏற்கெனவே எதிர்க்காற்றில் மெதுவானது. அதற்கு முன்னாலேயே பனி தன் பங்கை வாங்கிக்கொள்கிறது.

பிரஸ்ஸல்ஸிலிருந்தும் ஒரு பங்கு வரும். நடுவழி வானத்தில் ஒரு பகுதி தாங்கும் அளவுக்குமேல் விமானங்கள் வரப்போகின்றன என்று தெரிந்தால், யூரோகண்ட்ரோல் அவற்றைக் கிளம்பிய இடத்திலேயே தாமதப்படுத்துகிறது. வானில் வட்டமடித்து எரிபொருளைக் கரைப்பதைவிடத் தரையில் காத்திருப்பது மேல் என்பதால் இந்த ஏற்பாடு. ஒவ்வொரு விமானத்துக்கும் எழ வேண்டிய நேரம் ஒன்று கொடுப்பார்கள். அதற்கு 5 நிமிடம் முன்பிருந்து 10 நிமிடம் பின்வரை, மொத்தம் 15 நிமிட இடைவெளிக்குள் எழுந்தாக வேண்டும். லிஸ்பனில் வெயில் பளிச்சென்று அடிக்கிறது, ஹெல்சிங்கியிலும் வானம் தெளிவு, இருந்தும் விமானம் நகரவில்லை என்று பயணி எரிச்சல்படும்போது, காரணம் 1,600 கிலோமீட்டருக்கு அப்பால் ஜெர்மனியின்மேல் நிற்கும் ஓர் இடிமேகமாக இருக்கலாம்.

இவற்றையெல்லாம் பழைய பயணங்களின் பதிவுகளில் பார்த்து, அதற்கேற்ப நிறுவனங்கள் அட்டவணையில் நிமிடங்களைச் சேர்த்துவைக்கின்றன. 15 நிமிடத்துக்குமேல் பிந்தாத விமானம் நேரத்துக்கு வந்ததாகவே கணக்கு. இப்படி நிமிடம் சேர்ப்பதை ஏமாற்று என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹெல்சிங்கியில் இறங்கி இன்னொரு விமானம் பிடிக்க வேண்டியவருக்கு வேண்டியது அதிர்ஷ்ட நாளின் நேரம் அல்ல, நம்பி இறங்கக்கூடிய நேரம். நான்கு மணி நேரம் நான்கு நிமிடம் என்ற நம் கணக்கோடு வளைவுகளின் ஏழு, ஏறி இறங்குவதில் வேகம் குறைந்த பத்து, ஊர்வதற்கும் காத்திருப்பதற்கும் ஓர் இருபது, அப்புறம் காற்று கொடுத்ததோ எடுத்ததோ என்று கூட்டிக் கழித்தால் அட்டவணை எண்கள் கைக்கு வந்துவிடுகின்றன.

இத்தனை நேரம் காற்றிலும் நெரிசலிலும் நெகிழ்ந்துகொண்டிருந்த தூரமும் நேரமும் ஓரிடத்தில் மட்டும் இறுகிவிட வேண்டியிருக்கிறது. அது சட்டம். விமானம் ரத்தானாலோ மிகவும் பிந்தினாலோ பயணிக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 என்ற விதி, தொகையைத் தூரத்தைவைத்தே தீர்மானித்தது. 1,500 கிலோமீட்டர்வரை 250 யூரோ. ஒன்றியத்துக்குள் அதைவிட நீண்ட பயணங்களுக்கு 400 யூரோ. நம் லிஸ்பன்–ஹெல்சிங்கி இதில் வரும். தூரத்தை எப்படி அளப்பது என்பதையும் அந்த விதியே சொல்லிவிட்டது: பெருவட்ட முறையில். நூனிஷின் பெருவட்டம் சட்டப் புத்தகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ரோமிலிருந்து ஹாம்பர்க்குக்கு, பிரஸ்ஸல்ஸில் மாறிப் போன பயணிகளின் வழக்கு 2017-இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் தீர்ப்பானது. இரண்டு விமானங்களின் தூரத்தையும் கூட்டினால் 1,656 கிலோமீட்டர், ஆகவே 400 யூரோ வேண்டும் என்று கேட்டார்கள். ரோமுக்கும் ஹாம்பர்க்குக்கும் நேரே நூலை இழுத்தால் 1,326 கிலோமீட்டர்தான். நூலின் பக்கமே நீதிமன்றம் நின்றது. சுற்றிப் போனதால் தாமதத்தின் துன்பம் கூடிவிடவில்லை, 250 யூரோவே போதும் என்றது.

தூரத்தைவிட நேரம்தான் நீதிபதிகளுக்குக் கடினமாக இருந்தது. மூன்று மணி நேரம் பிந்தினாலும் ரத்தானதற்குச் சமம், இழப்பீடு உண்டு என்று 2009-இல் தீர்ப்பளித்திருந்தார்கள். எதுவரை மூன்று மணி நேரம்? ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கிலிருந்து ஜெர்மனியின் கொலோன்-பான் விமான நிலையத்துக்கு வந்த ஒரு விமானம், வர வேண்டிய நேரத்துக்கு 2 மணி 58 நிமிடம் பிந்தி ஓடுபாதையைத் தொட்டது. நிறுத்துமிடத்துக்கு வந்து நின்றபோது தாமதம் 3 மணி 3 நிமிடம். அதன்பிறகே கதவு திறந்தது. சக்கரம் நிலத்தைத் தொட்டதுதான் வந்துசேர்ந்த நேரம் என்று நிறுவனம் வாதாடியது. அந்த இரண்டு நிமிடத்தில் இழப்பீடே இல்லாமல் போய்விடும்.

2014 செப்டம்பரில் நீதிமன்றம் சொன்ன விடையை நான் பலமுறை வியந்து படித்திருக்கிறேன். விமானத்துக்குள் இருக்கும்வரை பயணி மூடிய ஓர் இடத்தில், பிறர் கட்டுப்பாட்டில் இருக்கிறார். வெளியுலகத்தோடு பேசவோ தன் வேலையைப் பார்க்கவோ, வீட்டுக் காரியத்தைக் கவனிக்கவோ முன்போல அவரால் முடியாது. அந்த நிலை முடிவது சக்கரம் தரையைத் தொடும்போது அல்ல, விமானம் நிற்கும்போதும் அல்ல. கதவுகளில் ஒன்றாவது திறந்து, பயணிகள் வெளியே போகலாம் என்று ஆகும்போதுதான். அந்தக் கணமே வந்துசேர்ந்த நேரம்.

சால்ஸ்பர்க்கிலிருந்து வந்தவருக்கு 250 யூரோ கிடைத்தது.